ஹார்மோன் போடாத எண்பது குடுவைகள்

எங்கள் ஆய்வகத்தில் சமையலறை என்று ஓர் அறை இருந்தது. மனிதர் சாப்பிடும் எதுவும் அங்கே வேகாது. செடித் திசுக்கள் தின்பதற்கான ஜெல்லியைக் காய்ச்சும் இடம் அது. அந்த அறையில் பதினான்கு வருடம் நின்றவரை நாங்கள் எல்லோரும் சமையலக்கா என்றுதான் கூப்பிட்டோம். துறைத்தலைவர் மட்டும் ‘அம்மா’ என்பார். அவருக்குக் கோபம் வந்தால் அந்த ‘அம்மா’ கொஞ்சம் நீளும்.

இப்போதெல்லாம் அந்த ஜெல்லி பொடியாகப் பாக்கெட்டிலேயே வந்துவிடுகிறது. தண்ணீரில் கொட்டிக் கலக்கினால் வேலை முடிந்தது. போன மாதம் ஒரு கூட்டத்தில் ஓர் இளைஞர் இதைப் பெருமையாகச் சொன்னார். நேரம் மிச்சம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எனக்கு ஏனோ சுருக்கென்று கோபம் வந்தது. அந்த இளைஞர் என்ன செய்வார், பாவம். அவருக்கு அக்காவைத் தெரியாது.

மாடிப்படியின் கடைசித் திருப்பத்திலேயே அந்த அறையின் வாசனை வந்துவிடும். சூடான சர்க்கரைத் தண்ணீரும் கடற்பாசித் தூளும் கலந்த வாசனை. உள்ளே போனால் கல் பதித்த நீண்ட மேஜை, இரண்டு அடுப்புகள், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தராசு. மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய குக்கர். குடுவைகளை அதற்குள் அடுக்கி ஆவியில் வேகவைத்துக் கிருமி நீக்குவார்கள். அது நாளெல்லாம் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். சன்னல் கண்ணாடி எப்போதும் வேர்த்திருக்கும். அந்த வேர்வையில் அக்கா விரலால் கணக்குப் போடுவார். “நாலு லிட்டருக்கு பன்னெண்டு” என்று எழுதியது சாயங்காலத்துக்குள் வழிந்து போய்விடும்.

மேஜையை அவர் மனசுக்குள் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். இடது பக்கம் அம்மா வீடு, வலது பக்கம் மாமியார் வீடு. காலையில் எல்லாப் புட்டிகளும் அம்மா வீட்டில் வரிசையாக நிற்கும். உப்புகள், சர்க்கரை, வைட்டமின், பழுப்பு மூடி போட்ட முதல் ஹார்மோன், நீல மூடி போட்ட இரண்டாவது ஹார்மோன். ஒன்றை எடுத்து அளந்து பாத்திரத்தில் விட்டதும் அந்தப் புட்டி மாமியார் வீட்டுக்குப் போய்விடும். “போனது போனதுதான். திரும்பி வந்துச்சுன்னா ஊரு சிரிக்கும்” என்பார். எதைப் போட்டோம், எதைப் போடவில்லை என்ற குழப்பமே வராது. அதற்கு மேலும் ஒரு காவல் வைத்திருந்தார். ஹார்மோன் புட்டிகளில் மட்டும், ஒவ்வொரு முறை எடுத்த பிறகும், திரவம் நிற்கும் மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவார்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது எனக்கு முப்பத்தைந்து வயது. கல்லூரியில் எட்டு வருடம் பாடம் நடத்திவிட்டு, இரண்டு பிள்ளைகளைப் பெற்றுவிட்டு, முனைவர் பட்டத்துக்காக மூன்று வருட விடுமுறை வாங்கிக்கொண்டு வந்தவள். அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவர். முதல் நாளே என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “பிள்ளைங்க பள்ளிக்கூடம் போற நேரத்துல அம்மாவும் பள்ளிக்கூடம் வந்தாச்சா?” என்று கேட்டார். அன்றிலிருந்து நான் அவருக்கு டீச்சர். எனக்கு ரோஷம் வந்தது. ஆனாலும் பதினோரு மணித் தேநீருக்கு அந்த அறைக்குத்தான் போவேன்.

அவருக்குக் கோபம் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும். அந்தக் கோபம் ஏற்கெனவே இரண்டு மெமோக்களைச் சம்பாதித்துக் கொடுத்திருந்தது. ஒரு பேராசிரியர் ஹார்மோன் வைக்கும் ஃப்ரிட்ஜில் தன் சாப்பாட்டு டப்பாவை வைத்தார். அக்கா அதை எடுத்து வராந்தாவில் வைத்துவிட, காக்கை வந்து பந்தியை முடித்துவிட்டது. அது முதல் மெமோ. குக்கரின் மூடியைப் பாதிச் சூட்டில் திறக்கச் சொன்ன ஆய்வு மாணவரை, “முகம் வேணுமா, வேண்டாமா?” என்று கத்தியது இரண்டாவது. அவர் வேலை வருடா வருடம் புதுப்பிக்கும் வேலை. மூன்றாவது மெமோ வந்தால் புதுப்பிக்க மாட்டார்கள். இது அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். தையல் கடைக்கு மேலே இரண்டு அறை வீடு, வயதான அம்மா, பள்ளியில் படிக்கும் மகள். மூன்று பேர் வயிறும் அந்த வேலையில்தான் நின்றது. கணவர் கடல் கடந்து வேலைக்குப் போய்ப் பதினோரு வருடம். ஆரம்பத்தில் வாரம் ஒரு கடிதம் வந்ததாம். நான் போன காலத்தில் வருடத்துக்கு ஒன்று வந்தால் பெரிய விஷயம்.

என் ஆய்வைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது இல்லாமல் இந்தக் கதை நடக்காது. புகையிலைச் செடியின் தண்டிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி ஜெல்லியின் மேல் வைத்தால், அது வேரும் விடாமல் இலையும் விடாமல் வெறும் கட்டியாக வளரும். பார்க்கக் காலிஃபிளவர் துண்டு மாதிரி இருக்கும். அப்படி வளர அதற்கு இரண்டு ஹார்மோன்கள் வேண்டும். பழுப்பு மூடி ‘பெருத்துக்கொள்’ என்று சொல்லும். நீல மூடி ‘இரண்டாகப் பிரி’ என்று சொல்லும். முழுச் செடியாக இருந்தபோது இவை வேரிலிருந்தும் நுனியிலிருந்தும் வந்துகொண்டிருந்தன. வெட்டி எடுத்த துண்டுக்கு நாம்தான் ஊட்ட வேண்டும். நீல மூடி இல்லாவிட்டால் திசு ஒரு மாதத்தில் பழுத்துக் கறுத்துச் செத்துவிடும். எல்லாப் புத்தகங்களும் அப்படித்தான் சொல்லின.

என் வேலை நீல மூடியின் அளவைக் கூட்டிக் குறைத்து, திசு எவ்வளவு வளர்கிறது என்று எடை போட்டுப் பார்ப்பது. பூஜ்யம், கொஞ்சம், நடுத்தரம், அதிகம் என்று நான்கு வரிசை. பூஜ்ய வரிசை சாக வேண்டும். மற்றவை அளவுக்கேற்ப வளர வேண்டும். துறைத்தலைவர் இரண்டு வருடங்களாக மாதா மாதம் புது ஜெல்லிக்கு மாற்றி மாற்றிக் காப்பாற்றி வைத்திருந்த திசுவைத்தான் எனக்குக் கொடுத்தார். நானும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எடை போட்டேன்.

நான்கு வரிசையும் ஒன்றுபோல வளர்ந்தன. பூஜ்யமும் வளர்ந்தது. வெள்ளையாக, கொழுகொழுவென்று, பார்ப்பவர் கண் படும்படி வளர்ந்தது. மறுபடி செய்தேன். மறுபடியும் அதே கதை. மூன்றாவது முறையும் தராசு அதையே சொன்னது. விடுமுறையில் இரண்டு வருடம் போயிருந்தது. கையில் ஒரு வரி முடிவு இல்லை.

துறைத்தலைவர் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அக்காவையும் வரச் சொன்னார். என் குடுவைகளை மேஜையில் வரிசையாக வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கெட்டவர் இல்லை. புத்தகத்தை நம்புகிறவர்.

“பூஜ்யம் போட்ட குடுவையில திசு வளருதுன்னா, அது பூஜ்யம் இல்லைன்னு அர்த்தம்” என்றார். “நீல மூடி எல்லாத்துலயும் விழுந்திருக்கு. அம்மா, நீங்கதானே காய்ச்சினீங்க?”

“நான்தான் காய்ச்சினேன். பூஜ்யத்துல போடல சார்.”

“நீங்க போடல. அப்ப யாரு போட்டா? செடி தானே போட்டுக்கிச்சா?”

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது. அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

அவர் வெளியே போன பிறகு தலைவர் என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். “நீங்க ஒரு கடிதம் எழுதிக் குடுங்க. ஜெல்லி தப்புன்னு இருந்தா, தப்பு உங்களோடது இல்ல. நான் ஒரு வருஷம் நீட்டிச்சு வாங்கித் தரேன்.”

அந்தக் கடிதம் போனால் மூன்றாவது மெமோ வரும். எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். நான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். சாயங்காலம் பிள்ளைகள் வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்த அதே மேஜையில் உட்கார்ந்து, நானும் அரைப் பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பைக்குள் வைத்தேன். அக்கா பொய் சொல்கிறார் என்று நான் நம்பினேனா? நம்பவில்லை. அவர் தவறு செய்திருந்தால் எனக்கு வசதியாக இருக்கும், அவ்வளவுதான்.

மறுநாள் காலை படிக்கட்டின் கடைசித் திருப்பத்தில் அக்கா எனக்காக நின்றுகொண்டிருந்தார்.

“டீச்சர், கடுதாசி எழுதிட்டீங்களா?”

“எழுதிட்டேன்.”

“குடுத்துட்டீங்களா?”

“இன்னும் இல்ல.”

“குடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்குங்க. போடக்கூடாததுல நான் போடல. ஆனா போட வேண்டியதுல ஒரு தடவை போடாம விட்டுட்டேன்.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் என்னைச் சமையலறைக்குக் கூட்டிப் போய், ஃப்ரிட்ஜைத் திறந்து நீல மூடிப் புட்டியை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். பென்சில் கோடுகள் ஏணிப்படி மாதிரி இறங்கின. ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் பொடி எழுத்தில் தேதி இருந்தது. ஓரிடத்தில் மட்டும் ஒரே கோட்டுக்கு இரண்டு தேதிகள்.

“மூணு மாசத்துக்கு முன்னாடி உங்க திசுவை வச்சுக் காப்பாத்த எண்பது குடுவை காய்ச்சினேன் இல்ல, அன்னைக்கு. நீல மூடி மட்டும் பாக்கி இருக்கறப்ப ஆபீஸ்ல ஃபோன் வந்திருக்குன்னு கூப்பிட்டாங்க. போயிட்டு வந்தேன். வந்து பாத்தா எல்லாப் புட்டியும் மாமியார் வீட்டுல இருந்துச்சு. சரி, போட்டாச்சுன்னு நோட்டுல டிக் அடிச்சு, ஊத்தி, குக்கர்ல ஏத்திட்டேன். சாயங்காலம் கோடு போடப் போனா மட்டம் இறங்கவே இல்ல.”

“எப்படி அக்கா? புட்டி தானே நடந்தா போகும்?”

அவர் வாசலைப் பார்த்தார். வெளியே பாட்டில் அண்ணன் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்கள் கட்டடத்திலேயே வயதான ஆள் அவர்தான். அக்கா போனில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் மேஜையைத் துடைத்திருக்கிறார். துடைக்க வசதியாகப் புட்டிகளை எல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்திருக்கிறார். உதவி செய்வதாகத்தான் நினைத்திருப்பார்.

“அவர் பேரு இதுல வரக்கூடாது” என்றார் அக்கா. “மட்டத்தைப் பாத்துட்டு ஊத்தியிருக்கணும். அது என் வேலை.”

“அன்னைக்கே ஏன் சொல்லல?”

“ரெண்டு மெமோ வாங்கினவ எந்த வாயால சொல்லுவா? திசு கறுக்கட்டும், அப்ப சொல்லிக்கலாம்னு இருந்தேன். தினமும் போய்ப் போய்ப் பாத்தேன். கறுக்கவே இல்ல டீச்சர். நல்லா வளந்துச்சு. நல்லா இருக்கறப்ப எதுக்கு வாயைக் கொடுத்து மாட்டிக்கணும்னு விட்டுட்டேன்.”

நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். எண்பது குடுவைகள் ஒரு மாதம் நீல மூடி இல்லாமல் வளர்ந்திருக்கின்றன. அப்படியானால் என் பூஜ்யமும் உண்மையான பூஜ்யம்தான். அந்தத் திசுவுக்கு நீல மூடி வேண்டியே இருக்கவில்லை. நான் தவறு செய்யவில்லை, அக்காவும் செய்யவில்லை. ஆனால் அதை நிரூபிக்க ஒரே சாட்சி அவர் செய்த வேறொரு தவறு. செய்யாத குற்றத்திலிருந்து தப்பிக்க, செய்த குற்றத்தை அவர் வாயாலேயே சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் அதே மெமோதான் நின்றது.

“சொல்லிடலாம் வாங்க” என்று அவரே முன்னால் நடந்தார். நான் பின்னால் போனேன். பையில் அந்தக் கடிதம் இருந்தது. அதைக் கிழித்துவிட்டுத்தான் போனேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. கிழிக்கவில்லை.

தலைவர் நம்பவில்லை. தப்பிப்பதற்காகக் கதை கட்டுவதாகச் சொன்னார். அக்கா குரலை உயர்த்தவில்லை. “அப்ப நீங்களே காய்ச்சுங்க சார். நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறேன். வளரலைன்னா நானே போயிடறேன்” என்றார்.

காய்ச்சினோம். தலைவரே வேட்டியை மடித்துக் கட்டாத குறையாக மேஜை முன் நின்று உப்புகளை நிறுத்தார். பதினைந்து வருடமாகத் தராசைத் தொடாதவர். அக்கா சொன்னபடியே கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். ஆனால் வாய் சும்மா இருக்குமா? “சார், சர்க்கரைப் புட்டியைக் கையிலயே வச்சிருக்கீங்க. மாமியார் வீட்டுக்கு அனுப்புங்க” என்றார். தலைவருக்கு அது என்னவென்று விளங்கவில்லை. நான் விளக்கியதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நீல மூடி மட்டும் ஃப்ரிட்ஜுக்குள்ளேயே இருந்தது. ஃப்ரிட்ஜின் சாவி தலைவரின் பையில் இருந்தது. பாதிக் குடுவைகளில் என் பழைய திசுவை வைத்தோம். மீதியில் அன்று காலை செடியிலிருந்து வெட்டி எடுத்த புதுத் தண்டுத் துண்டுகளை வைத்தோம்.

நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். அதுவரை அக்கா சமையலறைக்குள் வரக் கூடாது என்று உத்தரவு. பாட்டில் அண்ணனோடு உட்கார்ந்து குடுவை கழுவினார். அந்த மனிதர் விஷயம் தெரிந்து உடைந்துபோனார். “என்னால தானேம்மா, நான் போய்ச் சொல்லிடறேன்” என்று எழுந்து எழுந்து நின்றார். அக்கா அவரை அதட்டி உட்கார வைப்பார். “உங்க மேல பழியைப் போட்டுட்டு நான் நிம்மதியா சோறு திங்கவா? சோப்பைத் தள்ளுங்க” என்பார். அந்த நான்கு வாரமும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் வேலை போய்விடுமே என்று பயந்தேன். என் பட்டமும் போய்விடுமே என்று பயந்தேன். இரண்டில் எது பெரிய பயம் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் நேராகப் பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

மூன்றாவது வாரமே புதுத் துண்டுகள் பழுப்பாகிவிட்டன. நான்காவது வாரம் கறுத்துச் சுருங்கிவிட்டன. பக்கத்திலேயே என் பழைய திசு, ஒரு சொட்டு நீல மூடியும் காணாமல், குடுவையின் கழுத்து வரை வளர்ந்து நின்றது. தலைவர் ஒவ்வொரு குடுவையாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் வராந்தாவுக்குப் போய், குடுவை கழுவிக்கொண்டிருந்த அக்காவின் முன்னால் நின்று, “தப்பு என்னோடதும்மா” என்றார். அந்தக் கட்டடத்தில் அப்படி ஒரு வாக்கியத்தை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

அன்று தேநீருக்கு எல்லோரும் சமையலறையில் கூடினோம். தலைவர் உற்சாகமாக விளக்கினார். இரண்டு வருடம் மாதா மாதம் ஊட்டி ஊட்டி வளர்த்ததில், அந்தச் செல்களுக்கு வெளியிலிருந்து வரும் ஹார்மோன் இல்லாமலே வாழப் பழகிவிட்டது. அவற்றின் மரபெழுத்து, அதாவது டி.என்.ஏ., மாறவில்லை. எந்த எழுத்தைப் படிக்க வேண்டும், எதை மூடி வைக்க வேண்டும் என்று செல் தனக்குத் தானே வைத்துக்கொள்கிற குறிகள் மட்டும் மாறியிருக்கலாம். ஒரு செல் இரண்டானால் அந்தப் பழக்கம் இரண்டுக்கும் போகும். “இதுக்குப் பேரே பழகிய திசு” என்றார்.

“வர வேண்டியது வராமப் போனா பழகிக்கும்னு சாருக்கு இப்பத்தான் தெரியுதா?” என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தோம். இந்த முறை அவரும் சிரித்தார். என் வாழ்க்கையில் எத்தனையோ விருந்துகளுக்குப் போயிருக்கிறேன். அந்த ஆவி பிடித்த சன்னலும், கண்ணாடிக் குவளைத் தேநீரும், பாட்டில் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்ததும் போல எதுவும் மனசில் ஒட்டவில்லை.

எல்லாம் அதோடு நன்றாக முடிந்திருக்கலாம். இரண்டு நாள் கழித்துத் தலைவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேஜையில் சமையல் நோட்டு திறந்திருந்தது. எந்த நாளில் எதைக் காய்ச்சினார்கள் என்று எழுதி வைக்கும் தடித்த நோட்டு அது.

“அந்த எண்பது குடுவை நமக்குப் பெரிய சாட்சி. அத்தனையும் நீல மூடி இல்லாம ஒரு மாசம் வளந்திருக்கு. ஆனா மறதியில நடந்ததுன்னு எழுதினா யாரும் ஏத்துக்க மாட்டாங்க. வேற எதை எதை மறந்தீங்கன்னு கேப்பாங்க” என்றார். “அதனால இந்த வரிக்குப் பக்கத்துல, ‘துறைத்தலைவர் சொன்னபடி நீல மூடி சேர்க்கவில்லை’ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்கம்மா. ஆய்வும் பிழைச்சுக்கும், உங்களுக்கு மெமோவும் வராது. நான் உங்களைக் காப்பாத்தத்தான் பாக்கறேன்.”

உண்மையாகவே காப்பாற்றத்தான் பார்த்தார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. பேனாவை நான்தான் எடுத்து அக்காவிடம் நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. “நீங்க எனக்கு அப்படிச் சொல்லலையே சார்.”

“இப்ப சொன்னதா வச்சுக்குங்க.”

“பொய் சொல்றேன்னு நாலு வாரம் குடுவை கழுவ வச்சீங்க. இப்ப பொய் சொன்னா அடுப்பைத் தரேங்கறீங்க.”

“அக்கா, வீட்டை நினைச்சுப் பாருங்க. ஒரு வரிதானே” என்றேன் நான்.

அவர் என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று நினைத்தேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

“அன்னைக்கு ஃபோன்ல வந்தது அவர்தான் டீச்சர். அங்கயே குடும்பம் ஆயிடுச்சாம். இனிமே வரமாட்டேன், எதிர்பாக்காதேன்னு சொன்னாரு. சரின்னு வச்சுட்டேன். அழல. திரும்பி வந்து அடுப்பைப் பாத்தேன், கிளறினேன், ஊத்தினேன், எண்பது மூடி போட்டேன். வீட்டுக்குப் போய் அம்மாகிட்டகூட மூச்சு விடல. பதினோரு வருஷம் காத்திருந்ததுக்கு நான் பண்ணினது மொத்தமும் அந்த ஒரு மறதிதான். அதையும் சார் சொல்லிச் செஞ்சேன்னு எழுதச் சொல்றீங்களே, அன்னைக்கு எனக்கு ஒண்ணுமே நடக்கலையா?”

அவர் என் கையிலிருந்த பேனாவை வாங்கி, நோட்டில் குனிந்து, நிதானமாக ‘நீல மூடி போட மறந்துவிட்டேன்’ என்று எழுதினார். கீழே கையெழுத்தும் அந்தப் பழைய தேதியும் போட்டார். நோட்டு மாதக் கடைசியில் அலுவலகத்துக்குப் போகிற நோட்டு. அது போன வேகத்திலேயே மெமோ வந்தது. வருடக் கடைசியில் அவர் பெயரைப் புதுப்பிக்கவில்லை. தலைவர் இரண்டு முறை அலுவலகத்துக்கு நடந்தார். ஒன்றும் நடக்கவில்லை.

கடைசி நாளில் அவர் எல்லாப் புட்டிகளையும் அம்மா வீட்டில் வரிசையாக நிறுத்திவிட்டு, மேஜையைத் துடைத்துவிட்டுப் போனார். நான் அன்று விடுப்பு எடுத்துக்கொண்டேன். முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

ஒன்றரை வருடம் கழித்து அவரைப் பார்க்கப் போனேன். ஒரு மருத்துவமனையின் உணவகத்தில் நிஜமான சமையல் வேலைக்குச் சேர்ந்திருந்தார். கொஞ்சம் சதை போட்டிருந்தார். என்னைக் கண்டதும் கரண்டியோடு ஓடி வந்தார்.

“வேலை எப்படி அக்கா?”

“அங்க மறந்தா மூணு மாசம் யாருக்கும் தெரியாது. இங்க உப்பை மறந்தா முதல் வாய்லயே சத்தம் போடறாங்க. நிம்மதியா இருக்கு டீச்சர்.”

அவர் போன பிறகு செய்த வேலையைச் சொன்னேன். பழகிய திசுவிலிருந்து முழுச் செடிகளை வளர்த்தெடுத்தோம். நல்ல உயரம், நல்ல பூ. அந்தச் செடியின் இலையிலிருந்து துண்டு வெட்டி, நீல மூடி இல்லாத ஜெல்லியில் வைத்தோம். ஒரே மாதத்தில் கறுத்துவிட்டது. குறிகள் அழிந்து, பழகியதெல்லாம் போய், மற்றச் செடிகளைப் போலவே மறுபடி ஹார்மோன் கேட்டது. மரபெழுத்து மாறவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. என் ஆய்வேட்டில் எல்லோரும் பாராட்டிய பகுதியும் அதுதான்.

“மறுபடி கேக்குதா?” என்றார் அக்கா. “பாவம். அது முழுசா ஆயிடுச்சு இல்ல, கேக்கத்தான் செய்யும்.”

அப்புறம் திடீரென்று நினைவு வந்தவர் போலக் கேட்டார். “ஆமா, அந்த எண்பது குடுவை உங்க புத்தகத்துல வருதா?”

“வருது அக்கா. நாற்பத்தொண்ணாம் பக்கம்.”

“நான் மறந்துட்டேன்னு போட்டிருக்கா?”

“போட்டிருக்கு” என்றேன்.

அவர் முகம் அப்படி மலர்ந்தது. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு என் கன்னத்தைத் தொட்டுவிட்டு, கொதிக்கிற பாத்திரத்தைப் பார்க்க ஓடினார்.

நாற்பத்தொன்றாம் பக்கத்தில், முன்திட்டத்தின்படியும் துறைத்தலைவரின் ஆலோசனைப்படியும் இரண்டாவது ஹார்மோன் சேர்க்கப்படாத எண்பது குடுவைகள் தயாரிக்கப்பட்டன என்று இருக்கிறது. அப்படி எழுதச் சொல்லித் தலைவர் ஒரே ஒரு முறைதான் கேட்டார். தட்டச்சு செய்தது நான். அந்தப் புத்தகத்தின் மொழி அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அவர் மகள் அப்போது கல்லூரியில் சேர்ந்திருந்தாள், அவளுக்குத் தெரியும். அக்காவுக்கென்று ஒரு பிரதி என் பையில் இருந்தது, கொடுக்கத்தான் எடுத்துப் போயிருந்தேன். கொடுக்காமலே பஸ் ஏறினேன்.